பச்சைப் புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

டீம் லீட் ஆகிவிட்டாய். உன் ஆட்களில் பாதிப் பேர் ஆபீஸில், பாதிப் பேர் வீட்டில். கண்ணில் படாதவர் வேலை பார்க்கிறாரா என்ற சந்தேகம் முதல் வாரமே எட்டிப் பார்க்கும். மைக்ரோசாஃப்ட் 2022-இல் 11 நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பில், 87 சதவீத ஊழியர்கள் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதை நம்புவது சிரமமாக இருக்கிறது என்றார்கள், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர். இரண்டும் அவரவர் வாய்ச்சொல்தான், தீர்ப்பாகாது. டிரிப்.காம் சோதனை அதைவிடக் கறாரானது. அந்தச் சீனப் பயண நிறுவனம் தன் ஊழியர்கள் 1,612 பேரை, பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பிரிவை வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. அந்தப் பிரிவில் வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தென்படவில்லை. இதில் சுவையான செய்தி மேலாளர்களைப் பற்றியது. உற்பத்தித்திறன் 2.6 சதவீதம் குறையும் என்று தொடக்கத்தில் கணித்தவர்கள், ஆறு மாதம் கழித்து 1 சதவீதம் கூடும் என்றார்கள். விட்டுப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையை முதலில் கொடுக்க வேண்டியவள் நீ என்கிறேன்.

ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது என்பாய். விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காக 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துப் பேருக்கு மேற்பட்டோரை வேலையை விட்டு அனுப்பியது. அசைவை அளந்தால் அசைவு கிடைக்கும்; ஆள் இருப்பதாகச் சாட் செயலியில் எரியும் பச்சைப் புள்ளியும் அப்படித்தான். 'வியாழன் மாலைக்குள் இந்த ரிப்போர்ட், இந்த மூன்று கேள்விக்கும் பதிலோடு' என்று கேட்டுவிடு. ஏய்ப்பவர் வியாழக்கிழமை தானே அகப்படுவார். வேலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வராத மேலாளர்தான் நாற்காலியை எண்ணுகிறார் என்பது என் சந்தேகம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்கிறார்கள் என்ற வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தவர்கள், ஒரே கட்டடத்தில் இருந்த இளையவர்களுக்கு மூத்தவர்களின் திருத்தங்கள் கூடுதலாகக் கிடைத்ததைக் கண்டார்கள். ஆகவே ஆபீஸ் நாளை அதற்கென்றே ஒதுக்கு. அன்று நீயும் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார். ஆனால் அங்கேயே ஒரு குழியும் உண்டு. மீட்டிங்கில் அறைக்குள் ஆறு பேர், திரையில் இரண்டு பேர். அழைப்பு முடிந்து திரை அணைகிறது. டீ குடிக்கப் போகும் வழியில் முடிவு மாறுகிறது. மறுநாள் காலை, வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் செத்துப்போன முடிவுக்கு உழைத்துக்கொண்டிருப்பார்கள். டீ கிளாஸைக் கீழே வைத்ததும், மாறியது என்ன, ஏன் என்று குரூப்பில் இரண்டு வரி போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா