நான் ஒருவன் மட்டுமா?

(குழுவாகக் கூடிப் படிப்பதற்கு. வாசிக்க வேண்டிய பகுதி: 1 அரசர் 18, 19)



இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடுகின்ற இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ரெண்டு மாட்டையும் அவிட்டு விட்டிட்டு வந்தனாங்கள்" என்று ஒருவர் தொடங்குவார். அவர் வாய் மூடுமுன் பக்கத்தில் இருப்பவர், "உங்களுக்கு ரெண்டு, எங்களுக்கு நாலு மாடும் ஒரு ரக்டரும் போச்சுது" என்பார். மூன்றாமவர் தம் கல்வீட்டுக் கதையை எடுப்பார். மூவரும் பேசி முடித்துவிட்டனர். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்கவே இல்லை.

இவர்கள் தன்னலக்காரர் அல்லர். நோவு மனிதரைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்ளும். காலில் முள் ஏறியவனுக்கு அன்று முழுவதும் அந்தக் காலைத் தவிர வேறொன்றும் தெரியாது. முள்ளை எடுத்த பிறகும் காலையே பார்த்துக்கொண்டிருப்பது பழக்கமாகிவிடுவதுதான் ஆபத்து. பக்கத்துக் குடிசையில் அடுப்பு எரியவில்லை என்பது அப்போது கண்ணில் படாது. வீட்டில் பிள்ளை இரண்டு நாளாகப் பாடசாலைக்குப் போகாமல் நிற்பதும் தெரியாமற் போய்விடும்.

இறைவாக்கினர் எலியாவின் கதையை இம்முறை எடுத்துக்கொள்வோம். அவரும் உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்.

மழை பொய்த்துப்போன காலம் அது. கார்மேல் மலையில் எலியா பெரும் வெற்றி பெறுகிறார். ஆனால் அரசி ஈசபேல் அவரைக் கொல்வதாகச் சபதம் செய்கிறாள். அவர் யூதாவிலுள்ள பெயேர்செபா வரை ஓடி, கூட வந்த பணியாளனை அங்கே விட்டுவிட்டு, பாலைநிலத்துக்குள் ஒரு நாள் பயணத் தூரம் தனியே போகிறார். இந்த இடத்தைக் குழுவில் நிதானமாக வாசியுங்கள். துணைக்கு இருந்த ஒரே ஆளையும் விட்டுவிட்டுப் போனவர் ஒரு செடியின் கீழிருந்து சாவைக் கேட்கிறார். பின்னர் ஓரேபு மலைக் குகையிடத்தில், தாம் ஒருவர் மட்டுமே எஞ்சியிருப்பதாக இரண்டு தடவை முறையிடுகிறார். இரண்டு தடவையும் அதே சொற்கள். கார்மேலிலும் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அது உண்மையா? 18ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனத்துக்குத் திரும்பிப் பாருங்கள். அரண்மனை அதிகாரியான ஒபதியா, தான் நூறு இறைவாக்கினரை ஐம்பது ஐம்பது பேராகக் குகைகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியதை எலியாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். பஞ்சகாலத்தில், அரசியின் கண்ணில் மண்ணைத் தூவி, நூறு பேருக்குச் சோறு போட்ட மனிதர் அவர். எலியாவின் காதில் அது விழுந்தது, உள்ளே போகவில்லை.

இறைவன் அவரைக் கண்டிக்கவில்லை. முதலில் தூங்க விட்டார். வானதூதர் தட்டியெழுப்பி, சுடுகற்களில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டு, மறுபடியும் உணவு கொடுத்தார். பிறகுதான் கேள்வி. அறிவுரை சொல்ல ஓடுகிற நாம் எல்லோரும் இந்த ஒழுங்கைக் கவனிப்பது நல்லது. பசித்தவரிடமும் பல இரவு நித்திரையில்லாதவரிடமும் "மற்றவர்களையும் யோசியுங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் இருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். எழும்ப முடியாமல், உண்ண மனமில்லாமல் பல வாரங்களாகக் கிடக்கும் ஒருவரை அன்போடு கூட்டிக்கொண்டு ஆசுப்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். அது வேறு நோய். இந்தப் பாடம் அதற்கு மருந்தல்ல.

எலியாவுக்குக் கிடைத்த விடை, திரும்பிப் போ என்பது. செய்யவேண்டிய வேலைகளும் மூவரின் பெயர்களும் கொடுக்கப்பட்டன. ஏழாயிரம் பேர் இன்னும் உறுதியாக நிற்கிறார்கள் என்ற செய்தியும் கிடைத்தது. அந்த மூவரில் எலியா முதலிற் போய்ச் சந்தித்தவர் ஒரு கமக்காரர். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த இடத்தில், பன்னிரண்டாவது ஏரோடு நின்ற எலிசா. அதற்குப் பிறகு எலியா தனியே நடக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரருக்கு இந்த விடயம் கிணற்றடியிலேயே தெரிந்ததுதான். துலா இருந்த காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். அயலவன் முகம் பார்க்காமல் ஒரு தறை வெங்காயத்துக்கும் இறைக்க முடியாது. இயந்திரம் வந்தபின் ஒருவரே போதும். உழைப்பு மிச்சம், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் "என் கிணறு, என் மோட்டர்" என்ற எண்ணமும் கூடவே வந்தது. நிலத்தின் கீழே அப்படியில்லை. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் மழைநீர் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் மேலே ஏறும். அது அவர் கிணற்றோடு நில்லாது, அயற் கிணறுகளிலும் தண்ணீர் கரிக்கும். வேலி மேலே மட்டுந்தான் இருக்கிறது.

வலிகாமம் வடக்கில் 1990ஆம் ஆண்டு விட்டுவந்த காணிகளுக்குப் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே திரும்பினர். திரும்ப முடியாதவர்கள் இன்னும் இருக்கின்றனர். தூர்ந்துபோன பங்குக் கிணறொன்றைத் துப்புரவாக்க எல்லாப் பங்காளிகளும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவரோடு பழைய எல்லைப் பகை. இந்த வேலைக்குப் பணத்தை விடப் பேச்சுத்தான் முதலில் தேவைப்படுகிறது. "எங்கட பங்குக்கு என்ன?" என்று தொடங்கும் கூட்டம் பெரும்பாலும் சண்டையில் முடியும். "அண்ணை, உங்கட பிள்ளையள் எங்கை இருக்கினம், காணியைச் செய்யிற யோசினை இருக்கோ?" என்று தொடங்கினால் கதை ஓடும்.

கேட்பதும் ஒரு வேலைதான், பழகினால் வரும். மாட்டை விட்டுவந்தேன் என்கிறவரிடம் உங்கள் மாட்டைக் கொண்டுபோக வேண்டாம். "உழவு மாடோ, பால் மாடோ? பேர் வைச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மனிதர் நிமிர்ந்து பார்ப்பார். உங்கள் கதைக்கும் நேரம் வரும். வராவிட்டாலும் ஒன்றும் குறையாது. முகாம் வாழ்க்கையில் தண்ணீர் வரிசை இதற்கு நல்ல இடம். எப்படியும் நிற்கத்தானே வேண்டும்! கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக முன்னால் நிற்கும் அக்காவின் ஊரைக் கேட்கலாம்.

மற்றவர் வலியைக் கேட்பது சிலவேளை கசக்கும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே. நமது மொழியைப் பேசியவர்கள். முசலிப் பகுதியில் நெல் விதைத்த கமக்காரரும் அவர்களில் இருந்தனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர். அதே இழப்பு, அதே நிவாரண வரிசை. தமிழ்க் குடும்பங்களின் கூட்டங்களில் இந்தக் கதை வரும்போது பேச்சு சட்டென்று "எங்களுக்கு நடந்தது?" என்று திரும்பிவிடுவது உண்டு. நடந்ததுதான், அதைச் சொல்ல வேறு நாள் இருக்கிறது. அன்று அவர்கள் சொல்லட்டும். எலியாவுக்குத் தெரியாமலிருந்த ஏழாயிரம் பேரும் ஒருவேளை இப்படி, நாம் பார்க்க விரும்பாத பக்கத்திலேயே இருந்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். உறவினர் வீடு வேண்டாம். இதுவரை நீங்கள் படலை திறக்காத வீடாக இருக்கட்டும். அங்கே ஊரில் என்ன பயிர் செய்தார்கள், விதையை எங்கே எடுத்தார்கள், இப்போது என்ன நடலாம் என்று நினைக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். கூட்டத்தில் உங்கள் கதையை அல்ல, அவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லலாமா என்று அவர்களிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.