மூச்சும் அச்சமும்

உயிர், உயிர்ப்பு என்னும் சொற்கள் இரண்டும் ஒரே அடியினின்று பிறந்தவை. மூச்சு விடுதலை 'உயிர்த்தல்' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஆதலின் மூச்சு முட்டுங்கால் உயிருக்கே இடையூறு நேர்ந்ததென உள்ளம் நடுங்குதல் இயல்பு. அந்நடுக்கத்தைப் பற்றிச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

திருப்பூரைச் சூழ்ந்த பல்லடம், அவிநாசிப் பகுதிகளில் நூற்பாலைகள் பல உள. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் புளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியிலும் தூசி மிகுதி. அதனைப் பல்லாண்டு சுவாசிப்போருக்கு வரக்கூடிய நுரையீரல் நோயைப் 'பிஸினோசிஸ்' என்பர் மருத்துவர். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுதல் அதன் தொடக்கக் குறி. பின்னர் அவ்விறுக்கம் எல்லா நாளும் நீடிக்கும்; முற்றினால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கத்தக்க நோய்களுள் இதுவும் இடம்பெற்றது.

இந்நோய் உடலோடு நில்லாது உள்ளத்தையும் பற்றுகின்றது. படியேறும் நோயாளிக்கு மூச்சு வாங்குகின்றது. 'இதுவே இறுதியோ' என அஞ்சுகின்றார். அச்சத்தால் மூச்சு விரைகின்றது. உள்ளே புகுந்த காற்று முற்றும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு புகுகின்றது. நெஞ்சு காற்றால் நிறைந்தும் காற்றுக்கு ஏங்குகின்றது. அவ்வேக்கம் மீண்டும் அச்சத்தை வளர்க்கின்றது. இதற்கு அஞ்சி நடையைக் குறைத்தால் கால்கள் வலுவிழக்கின்றன; பின்னர்ச் சிறு நடைக்கும் இளைக்கின்றது. வேலை போய்விடுமோ என்று இருமலை மறைப்பதும், பிறர் நோக்குவரே என்று நாணி ஆலயத்துக்கும் திருமணத்துக்கும் செல்லாதிருப்பதும் தனிமையைக் கூட்டுகின்றன.

அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினால் பிறக்கும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் கருத்து. அவை நான்கும் புறத்தே நிற்பவை. அவற்றினின்று ஓடி ஒளியலாம். தன் மூச்சிலேயே பிறக்கும் அச்சத்திற்கு எங்கே ஓடுவது?

எனினும் இத்துன்பம் வெறுங் கற்பனையன்று. ஆதலின் நோயாளியை நோக்கி, "எல்லாம் உன் மனப்பிரமை" என்று அதட்டுதல் கொடுமையாம். நோய் முற்றும் நீங்காவிடினும் திணறலைத் தணிக்க வழிகள் உள. முன்குனிந்து அமர்ந்து கைகளைத் தொடைமேல் ஊன்றுதல், உதடு குவித்து மெல்ல நெடிது ஊதுதல், விசிறிக் காற்றை முகத்தில் படச் செய்தல், மருத்துவர் சொன்ன அளவில் நாடோறும் நடத்தல் ஆகியன அவை. 1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வேதனை உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா நான்கையும் தழுவியது என்று கற்பித்தார். அப்படியாயின் மருந்தோடு ஒரு துணையும் வேண்டும்; பதற்றமின்றி அருகமர்ந்து, இளைப்பு ஆறும்வரை எழுந்து போகாத துணை வேண்டும்.

பிஸினோசிஸ் என்னும் பெயர், மெல்லிய ஆடையைக் குறிக்கும் 'பிஸ்ஸோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லடியாக வந்தது. லூக்கா சுவிசேஷத்து ஐசுவரியவான் உடுத்த ஆடைக்கும் கிரேக்க மூலத்தில் அச்சொல்லே நிற்கின்றது. அவன் வாசலில் லாசரு கிடந்தான், அவன் கண்டிலன். நாம் அணியும் பனியனின் நூலும் எவரோ ஒருவர் மூச்சைக் கடந்து வந்ததாகலாம். தூசியை அகற்றுதல் ஆலையுடையார் கடன். திணறுவாரைக் கண்டு அருகமர்தல் நம் கடன்.