போத்தலில் வளரும் வாற்பேத்தை

மழைநீர்க் குட்டையில் பிடித்த வாற்பேத்தைகளை ஜாம் போத்தலில் போட்டு வைப்பது சிறுவர்களுக்கு விளையாட்டு. கால் சீக்கிரம் முளைத்தால் "நன்றாக வளர்கிறது" என்று வீட்டார் மகிழ்வர். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கோ அது சில வேளை துன்பத்தின் அறிகுறியாகத் தெரிகிறது.

இட நெருக்கத்தாலும் நீர் வற்றுவதாலும் வாற்பேத்தையின் உடலில் கோட்டிகோஸ்டெரோன் என்னும் ஓமோன் கூடுகிறது. இளம் பருவத்தில் இது வளர்ச்சியைக் குறைக்கிறது. பின்னங்கால் வளரும் பருவத்தில் தைரொட்சினுடன் சேர்ந்து உருமாற்றத்தை விரைவுபடுத்துகிறது. வற்றும் குட்டையிலிருந்து உயிர் தப்ப அல்லாஹ் அளித்த வழி இது. ஆனால் அவசரமாக உருவாகும் தவளை சிறியது. அதன் உடல் விரைவில் உலரும், பெரிய இரையையும் பிடிக்க முடியாது. குட்டையில் உயிர் காக்கும் அந்த அவசரம், போத்தலில் நாம் கொடுக்கும் வேதனையாகிறது.

இலங்கையின் 100க்கு மேற்பட்ட தவளை இனங்களில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. மருந்துக்காகத் தவளையைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத் கிரந்தத்தில் ஹதீஸ் உண்டு.

பெற்றோரே, பிள்ளை வாற்பேத்தை பார்க்க விரும்பினால் குட்டைக்கே அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒன்றிரண்டை மட்டும் அகன்ற பாத்திரத்தில், குட்டை நீரிலேயே, நிழலில் வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை ஊற்றாதீர்கள். பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.