படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு எந்த நாவல் வாங்கலாம்?



நம் மாலை நேரப் படிப்பகங்களுக்குக் கதைப் புத்தகம் வாங்கலாம் என்று பல குழுக்களில் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற ஊக்குநரோ பிரதிநிதியோ எதைப் பார்த்து வாங்குவது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதை கிடைத்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்கள் வந்தன. சிக்கல் அதற்கு மேலேதான். அஞ்சாம் வகுப்பு தாண்டிய பிள்ளையிடம் படக்கதையைக் கொடுத்தால், 'இது சின்னப் புள்ளைங்களுக்கு' என்று தள்ளிவிடும். பெரியவர்கள் படிக்கிற புத்தகமோ அதுக்கு எட்டாது. இந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாமலே போய்விடுகிறார்கள். பாடங்கள் நீளமாகிற வயசும் அதுதான். ஒரு பக்கத்துக்கு மேல் மனசு நிற்காத பிள்ளை, பத்துப் பக்க அறிவியல் பாடத்தை எப்படிப் படிக்கும்? நூறு பக்கக் கதையை ஆசையாகப் படித்து முடித்த பிள்ளைக்கு அந்தப் பத்துப் பக்கம் மலையாகத் தெரியாது.

கடையில் நம் கை முதலில் போவது நீதிக்கதைத் தொகுப்புக்குத்தான். விலை குறைவு, அட்டை பளபளப்பு, படித்தால் ஒழுக்கம் வரும் என்று ஒரு நம்பிக்கை. நாங்கள் போகிற ஊர்களில் பீரோவுக்குள் மடிப்புக் கலையாமல் இருப்பவை இவைதான். முடிவில் புத்திமதி வரும் என்று பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஏன் படிக்க வேண்டும்?

அதனால் அட்டையைப் பார்க்காதீர்கள். முதல் நாலு பக்கம் நின்று படியுங்கள். அதற்குள் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். ஒரு பிள்ளை எதையாவது தொலைத்திருக்க வேண்டும், தேடிக் கிளம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் வசமாக மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாலு பக்கமும் இயற்கை வர்ணனையாகவே ஓடினால் வைத்துவிடலாம். அத்தியாயம் சின்னதாக, எழுத்து பெரிசாக இருப்பது நல்லது. பெண் குழந்தை கதையில் என்ன செய்கிறாள் என்றும் பாருங்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவளாக மட்டும் இருந்தால் நம் பெண் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

முடிந்தால் ஒரு பிள்ளையைக் கூடவே கூட்டிப்போங்கள். நடுப்பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் அஞ்சு விரலும் மடங்கிவிட்டால், தனியாகப் படிக்க அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். ஆனால் நாம் வாசித்துக் காட்ட அதுவே சரியாக இருக்கலாம். பிள்ளைகள் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பெரும்பாலும் ஒரு படி மேலேதான்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் நாங்கள் சொல்வது 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானின் டெட்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயசைப் பற்றி எழுதி 1981-ல் வெளிவந்த நூல். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. நடந்த கதைதான் என்றாலும் நாவல் மாதிரியே போகும். சேட்டை தாங்காமல் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கிற இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. போலியோ பாதித்த நண்பனை அவள் மரத்தில் ஏற்றிவிடுகிற பகுதியை முதலில் வாசித்துக் காட்டுங்கள். மற்றதைப் பிள்ளைகளே கேட்டு வாங்குவார்கள்.

நம்ம ஊர்க் கதை வேண்டுமென்றால் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இருக்கிறது. பறவை, முட்டை என்று சுற்றுகிற பையனின் கதை, கரிசல் மண் வாசனையோடு. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதியது. 2023-ல் சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் வாங்கியது. இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்னப் புத்தகம்தான், ஆனால் முடிவு கனமானது. எட்டாம் வகுப்புக்கு மேல் கொடுங்கள், டீச்சர்களிடமும் கொடுங்கள்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020-ல் பால புரஸ்கார் பெற்ற நாவல். பேசுகிற மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமிக்குத் தோழியாகிறது. தப்பான தொடுதலைப் பற்றிப் பயமுறுத்தாமல் பேசுகிற கதை. 'இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?' என்று குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து என்பது எங்கள் கருத்து. ஆனால் எடுத்தோம் கொடுத்தோம் என்று செய்யக்கூடாது. வாசித்துக் காட்டுகிறவர் முழுவதையும் முதலில் படித்திருக்க வேண்டும். அம்மாக்களுக்கும் முன்கூட்டியே தெரியட்டும். வாசித்த பிறகு ஒரு பிள்ளை ரொம்ப அமைதியாகிவிடலாம், தனியாக வந்து ஏதாவது சொல்லலாம். எல்லார் முன்னாலும் துருவிக் கேட்காதீர்கள், குழுக் கூட்டத்தில் பேசுபொருளாக்காதீர்கள். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, 'உன் மேல தப்பு இல்ல கண்ணு' என்று சொல்லி, 1098 சைல்டுலைனுக்குப் பேசுங்கள். சம்பந்தப்பட்டவர் சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர் என்று பஞ்சாயத்தில் முடிக்கிற வேலை வேண்டாம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பது குற்றம்.

வாங்கும்போது முப்பது தலைப்பில் ஒவ்வொன்று என்பதைவிட, ஆறு தலைப்பில் அஞ்சு பிரதி மேல். ஒரு பிரதிக்கு நாலு பேராக உட்கார்ந்தால் இருபது பிள்ளைகளும் ஒரே கதையில் இருப்பார்கள். புத்தகக் கண்காட்சியில் வாங்கினால் வழக்கமாகப் பத்து சதவீதம் கழிவு உண்டு. தினம் இருபது நிமிஷம் வாசித்தால் போதும். வார இதழ் தொடர்கதையில் சரியான இடத்தில் 'தொடரும்' போட்டு நம்மைத் தவிக்க விட்டார்களே, அதே இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவும் சும்மா இருக்க வேண்டியதில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது 'இன்னைக்கு அந்தப் பொண்ணு என்னாச்சு?' என்று கேட்டால், பிள்ளை முழுக் கதையையும் சொல்லும்.

பணம் இல்லாத குழுக்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு சேர்ந்திருக்கும். ஆக, ஊர் நூலகம் நம் காசிலும்தான் நடக்கிறது. மேலே சொன்ன புத்தகங்கள் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி குழுவின் பெயரில் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற நம் உறுப்பினர்கள், பள்ளி நூலக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அடுத்த கூட்டத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள்.