தண்ணீர் விட்டவருக்கு ஓய்வூதியம்

பஞ்சாப் கிராமம். காலையில் குழாயில் தண்ணீர் வரும். அதற்கு முன்பே ஒருவர் எழுந்து விடுகிறார். மோட்டாரைப் போடுகிறார். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் வால்வைத் திறக்கிறார். தண்ணீரில் குளோரின் கலக்கிறார். மார்கழிக் குளிரிலும் இந்த வேலை நிற்காது. தண்ணீர் வராத அன்றுதான் ஊர் அவரைத் தேடும்.

இவர்களில் பலரை அரசு முதலில் நிரந்தரமாகச் சேர்க்கவில்லை. 'ஒர்க் சார்ஜ்டு' ஊழியர் என்று சேர்த்தது. அப்படி என்றால் என்ன? நிரந்தர ஊழியருக்குத் துறையின் சம்பளக் கணக்கிலிருந்து பணம் வரும். ஒர்க் சார்ஜ்டு ஊழியருக்கு அந்த வேலைக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து வரும். குழாய், சிமெண்ட் செலவோடு அவருடைய சம்பளமும் ஒரு செலவு. வேலை முடிந்தால் ஆளும் போகலாம் என்பது எண்ணம். குடிநீர் கொடுக்கும் வேலை என்றைக்கு முடியும்? பல ஆண்டுகள் அதே மோட்டார் அறையில் இருந்தார்கள். பிறகுதான் நிரந்தரம் ஆனார்கள்.

ஓய்வு பெறும்போது சிக்கல் வந்தது. பழைய ஓய்வூதிய முறையில் குறைந்தது 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒர்க் சார்ஜ்டு காலம் அதில் சேராது என்று பஞ்சாப் அரசின் விதி சொன்னது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 15 ஆண்டு ஒர்க் சார்ஜ்டு. பிறகு 8 ஆண்டு நிரந்தரம். உழைத்தது 23 ஆண்டு. ஏட்டில் வெறும் 8. மாதா மாதம் ஓய்வூதியம் கிடையாது. ஒரு முறை தரும் பணிக்கொடையோடு சரி. வேலை மாறவில்லை. பெயர்தான் மாறியது. இது என்ன நியாயம்?

1988-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. பின்னால் நிரந்தரம் ஆனவருக்கு ஒர்க் சார்ஜ்டு காலத்தையும் சேர்க்க வேண்டும் என்றது. நம் கணக்கில் 8 என்பது 23 ஆகிவிடும்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவர் பார்க்க வேண்டியது வருங்கால வைப்பு நிதி. அவர் பெயரில் பணம் கட்டப்படுகிறதா என்று கேட்க வேண்டும்.

அரசு ஊழியருக்குப் பணிப் பதிவேடு உண்டு. அதில் சேர்ந்த தேதி இருக்கும். அது முதல் நாள் மோட்டார் போட்ட தேதியா, நிரந்தரம் ஆன தேதியா? எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்க வேண்டும். பழைய காலம் விட்டுப் போயிருந்தால் எழுத்தில் மனு கொடுக்கலாம். பழைய சம்பளச் சீட்டு, முதல் வேலை உத்தரவு இவற்றின் நகலை மனுவோடு வைக்க வேண்டும். மனு வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும்.