வீட்டிலிருந்தே வரையும் மீட்பு வரைபடம்

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டில் 7.0 அளவு நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வந்த மீட்புக் குழுக்களிடம் தெருக்களைக் காட்டும் விரிவான வரைபடம் இல்லை. யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் முக்கியச் சாலைகள்தான் இருந்தன. டிஜிட்டல்குளோப், ஜியோஐ நிறுவனங்கள் புதிய செயற்கைக்கோள் படங்களைத் தந்தன. பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் அவற்றைப் பார்த்து, வீட்டில் இருந்தபடியே தெருக்களை வரைந்தனர். சில நாட்களிலேயே அந்த வரைபடம் மீட்புக் குழுவினரின் ஜிபிஎஸ் கருவிகளில் ஏறியது!

நீங்களும் வரையலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கு ஒன்றைத் தொடங்கி, 'ஹாட்' தன்னார்வ அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர் தளத்தில் நுழையுங்கள். வரைய வேண்டிய பகுதி கட்டங்களாகப் பிரிந்திருக்கும். நீங்கள் எடுக்கும் கட்டம் மற்றவர்களுக்குப் பூட்டப்படும். ஐடி எடிட்டரில் ஏரியா கருவியைத் தேர்ந்து, கட்டடத்தின் மூலைகளை வரிசையாக க்ளிக் செய்து, பில்டிங் எனக் குறியிடுங்கள். க்யூ விசையைத் தட்டினால் மூலைகள் செங்கோணமாகும். வட்டக் குடிசை என்றால் ஓ விசை.

புதியவர்கள் தடுமாறுவது உயரமான கட்டடங்களில்தான். சாய்வாக எடுத்த படத்தில் கூரை, அடித்தளத்தை விட்டு விலகித் தெரியும். கூரையை வரைந்து, அந்த உருவத்தை அப்படியே சுவரின் அடிக்கு நகர்த்த வேண்டும். இதை விட்டால் வீடு தெருவிலேயே நிற்கும்!

கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது. காப்புரிமைச் சிக்கல் வரும். பாதியில் எழ வேண்டுமா? சேமித்துவிட்டு, கட்டம் முடியவில்லை எனக் குறித்து விடுவியுங்கள். அடுத்தவர் தொடர்வார்.