விஞ்ஞானம்: கயிற்றில் இறங்குதலும் உராய்வு விசையும்

கண்டி நகருக்குத் தென்மேற்கே ஹந்தானை மலைத்தொடரும் வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரும் உள்ளன. இவை போன்ற மலைகளின் செங்குத்துப் பாறைகளில் இறங்கக் கயிறு தேவை. பாறைகளில் தேன் எடுப்பதற்காக இலங்கை வேடர் கொடிகளால் ஏணி செய்து இறங்கியதை, 1911 இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூல் விவரிக்கிறது. இன்று இறங்குபவர் இடுப்பிலும் தொடைகளிலும் பட்டி அணிவார். அதில் பொருத்திய 8 வடிவ உலோகக் கருவியினூடாக நைலோன் கயிறு வளைந்து செல்லும். அவ்வளைவுகளில் உராய்வு அதிகம். ஆகவே கயிற்றின் கீழ்ப்பகுதியைக் கையால் சிறிய விசையுடன் பிடித்தாலே இறக்கத்தைக் கட்டுப்படுத்தலாம்.

உதாரணம்
உபகரணங்களுடன் 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் 20 மீற்றர் உயரமான பாறையிலிருந்து சீரான வேகத்தில் இறங்குகிறார். (ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீற்றர்/செக்கன்²)

1. அவரது நிறை = 50 × 10 = 500 நியூற்றன்
2. மேல்நோக்கிய விசை = 500 நியூற்றன்
மாணவர் பலர் இங்கு 500 இலும் குறைந்த விடையை எழுதுவர். கீழ்நோக்கி இயங்கினாலும் வேகம் சீரானது. எனவே விளையுள் விசை பூச்சியமாகும்.
3. இழக்கப்படும் அழுத்த சக்தி = 500 × 20 = 10 000 யூல்
இயக்க சக்தி மாறாததால் இது முழுவதும் வெப்ப சக்தியாக மாறும். கருவி சூடாவது இதனாலேயே.

உராய்வு இல்லாவிடின்?
10 000 யூலும் இயக்க சக்தியாகும்.
½ × 50 × வேகம்² = 10 000
வேகம் = 20 மீற்றர்/செக்கன்
இது மணிக்கு 72 கிலோமீற்றர். விரைந்து செல்லும் பேருந்தின் வேகத்தில் தரையில் மோதுவதற்கு இது சமன். கயிற்றைப் பிடித்த கையை விட்டால் நேர்வதும் ஏறத்தாழ இதுவே.

நினைவிற் கொள்க
• கட்டுப்படுத்தும் கையைக் கயிற்றிலிருந்து எடுக்கலாகாது.
• கயிற்றின் அந்தத்தில் முடிச்சு இடப்பட வேண்டும். இல்லையேல் கயிறு கருவியிலிருந்து கழன்றுவிடும்.
• நைலோன் கயிறு நனைந்தால் அதன் வலிமை குறையும்.
• பயிற்றுநரும் தலைக்கவசமும் இன்றி இறங்க முயலாதீர்கள்.

பயிற்சி
மேற்கூறியவர் 10 செக்கனில் இறங்கினால் வெப்பம் பிறக்கும் வீதம் யாது? 40 செக்கன் எடுத்தால் யாது? எதில் கருவி குறைவாகச் சூடாகும்?

விடை: 1000 வாற்று; 250 வாற்று. இரண்டிலும் மொத்த வெப்பம் ஒன்றே. எனினும் மெதுவாக இறங்கும்போது வெப்பம் சூழலுக்கு இழக்கப்பட அதிக நேரம் கிடைப்பதால், கருவி குறைவாகச் சூடாகும்.